டீச்சர், நீங்க சொல்லுங்க

அந்த நாற்காலி வேண்டாம், பின்னங்கால் ஒன்று ஆடும். ஃபேனுக்குக் கீழே இந்தப் பக்கம் உட்காருங்கள். உங்களோடு வந்திருக்கிற ஏட்டம்மாவும் உட்காரட்டும். நின்றுகொண்டே எழுதினால் கையெழுத்து கோணும்.

இந்த ஒரு மாதமாக வீட்டுக்கு ஆள் வந்தபடியே இருக்கிறது. சபையிலிருந்து வந்தார்கள், கட்சியிலிருந்து வந்தார்கள், என்னிடம் படித்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எப்படி டீச்சர் தாங்குதீங்க?" நீங்கள் ஒருவர்தான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேறு ஒன்று கேட்டீர்கள். உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டீர்கள். நான் காலமெல்லாம் கேள்வித்தாள் தயாரித்தவள், இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி அம்மா. சரியான கேள்வி வந்தால் முழு விடை எழுதிவிடுவதுதான் மரியாதை. வக்கீல் என்னை வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் இளவயது, பயப்படுகிறார்.

பெயர் ஜெபசெல்வி. சொந்த ஊர் நாசரேத். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் சுந்தர்சிங், போன மாதம் வரைக்கும் இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.

முதலில் அவரைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு இடம் இருக்காது. சாயர்புரத்துப் பக்கம் ஒன்றுமில்லாத குடும்பம். ஹார்பரில் மூட்டை தூக்கியவர்களோடு சேர்ந்து நின்று, அவர்களுக்காகப் பேசிப் பேசியே மேலே வந்தவர். மைக் இல்லாமல் அவர் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஊரே மொட்டை மாடியில் நின்றது. இவர் நெஞ்சளவு தண்ணீரில் நடந்து பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக் கொண்டுபோனார். அது போட்டோவுக்காகச் செய்தது இல்லை. போட்டோ எடுக்க அங்கே யாருமே இல்லை. உப்பளத்துப் பெண்கள் இன்றைக்கும் அந்த நாளைச் சொல்லுவார்கள். இப்போது சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

அவர் சங்கத்துத் தலைவராக இருந்த காலத்தில், இறந்துபோன தொழிலாளி ஒருவருடைய மனைவி பென்ஷன் விஷயமாக அவரைப் பார்க்க வந்தாள். அப்போது சங்க அலுவலகம் எங்கள் வீட்டு முன்னறைதான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். வகுப்பில் ஒரு பிள்ளை காப்பியடித்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் நான். உள்ளே போனேன். அவர் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

ராத்திரி என் காலைப் பிடித்து அழுதார். சாத்தான் சோதித்துவிட்டான் என்றார். இருவரும் முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணினோம். மன்னிக்கச் சொல்லித்தானே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நான் மன்னித்தேன். அந்தப் பெண்ணும் அப்புறம் பென்ஷன் கேட்டு வரவில்லை. யாரையோ பிடித்து வாங்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்தது தருவைகுளத்துப் பெண். எம்.எல்.ஏ. ஆன புதிதில் அலுவலகத்தில் டைப் அடிக்க அவரே சேர்த்திருந்தார். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு மத்தியானம் பைக்கில் வந்து இதோ இந்தக் கேட்டில் நின்றார்கள். சத்தம் போடவில்லை. மூத்தவன்தான் பேசினான்.

"எக்கா, எங்க தங்கச்சி உங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ. உங்க மூஞ்சிக்காகப் போறோம். இன்னொருக்க வந்தோம்னா பேச வரமாட்டோம். அண்ணாச்சிட்ட சொல்லி வையிங்க."

அவர் மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் ஏறி வந்த மனுஷன் நாலு மீன்பிடிக்காரப் பையன்களுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று.

நீங்கள் அவரை விட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மகள் பெர்சிக்கு அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். அப்பா அம்மா பிரிந்திருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள். அவரைத் திருத்தியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். ஆசிரியை வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சில பிள்ளைகளை எத்தனை வருஷம் திரும்பத் திரும்ப உட்கார வைத்தாலும் கணக்கு ஏறாது. அதற்காக அந்தப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்புவதில்லை. அதை வைத்துக்கொண்டே ரிசல்ட் கெடாமல் பார்த்துக்கொள்வோம். மாற்ற முடியாததைச் சமாளிப்பதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

அன்றைக்கு அவரிடம் சொன்னேன். "நீங்க பொதுவேலையப் பாருங்க. ஆபீசுக்கு ஆள் எடுக்கது, வைக்கது எல்லாம் இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

"உன் இஷ்டம் செல்வி," என்றார்.

எங்களுக்குள் அந்த விஷயமாக நடந்த பேச்சு அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஏட்டம்மா, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் நாங்கள் கூடிப் பேசித் திட்டம் போட்டோம் என்று சொல்லக்கூடாது.

ஓய்வு பெற்றதும் நான் தினமும் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பீச் ரோட்டுப் பக்கம் இருக்கிறதே, கீழே ஹால், மேலே அவருடைய அறை. மனு கொண்டுவரும் பெண்கள் எல்லோரையும் முதலில் நான்தான் பார்ப்பேன். வேலை கேட்டு வருகிற பெண்களிடம் நன்றாகப் பேசுவேன். அப்பா என்ன செய்கிறார், அண்ணன் தம்பி உண்டா, மாமன்மார் எந்த ஊர், வீட்டில் யார் சொல்வதைக் கேட்பார்கள் என்று விசாரிப்பேன். படிப்பை எல்லாம் கடைசியில்தான் கேட்பேன். அப்பா இருந்து, கைகால் திடமாக இருந்து, வாய் பேசத் தெரிந்தவர் என்றால் அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடத்தில் வேலைக்குச் சொல்லிவிடுவேன். ஷிப்பிங் கம்பெனிகள் இருக்கின்றன, ஐஸ் பிளான்ட் இருக்கிறது. அப்படி எத்தனையோ பிள்ளைகள் என்னால் பிழைத்திருக்கிறார்கள். அதையும் விசாரித்துப் பாருங்கள்.

யாரும் இல்லாத பிள்ளை வந்தால் அலுவலகத்தில் வைத்துக்கொள்வேன்.

செல்வலட்சுமி அப்படி வந்தவள். அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவள், அப்பா குடித்தே போய்விட்டார். அடக்கமான பெண். எதைச் சொன்னாலும் "சரிங்க டீச்சர்" என்பாள். அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு அமைதி வந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சென்னைக்கு சட்டசபைக்குப் போனாலும் அறைக்கு நேரத்துக்கு வந்து எனக்கு போன் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்னோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். பெர்சிக்கு நல்ல இடம் அமைந்தது, மெல்போர்னுக்குப் போனாள். வெளியே ஒரு சின்னப் பேச்சும் கிடையாது. செல்வலட்சுமி ஒரு கட்டத்தில் சாப்பிடாமல் மெலிந்துபோனாள். உடனே நான்தான் மாப்பிள்ளை பார்த்து, தாலிக்கொடி வாங்கிக் கொடுத்து, உடன்குடிப் பக்கம் கட்டிவைத்தேன். கதவைச் சாத்தினால் இன்றைக்கும் அலறுகிறாள் என்று அவள் புருஷன் உங்களிடம் சொன்னானாம். என்னிடமும் சொல்லியிருக்கிறான். கல்யாணமான புதிதில் பல பெண்களுக்கு அப்படி இருப்பதுதான் தம்பி என்று நான் சொல்லி அனுப்பினேன். அவனும் கேட்டுக்கொண்டான்.

அவளுக்குப் பிறகு இன்னும் சிலர். அவர்கள் உங்களிடம் வந்துவிட்டதாகச் சொன்னீர்கள். அவர்களுக்கு இப்போது குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயரை இங்கே சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணின் பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஈவாஞ்சலின் பெயர் மட்டும் ஊருக்கே தெரிந்துவிட்டது. அது அவளே தேடிக்கொண்டது.

ஈவா என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. லாரி ஓட்டின அவள் அப்பா பைபாஸில் விபத்தில் இறந்துபோனார். அம்மா எங்கள் விடுதியில் சமையல். அம்மாவோடு வந்து குசினி வாசலில் உட்கார்ந்து படிக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெர்சி போட்டுப் பழகிய சுடிதார் எல்லாம் அதற்குத்தான் போகும். லீவு நாளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட மாடியில் ஏறினால் இறங்கவே இறங்காது. அதற்கு நான் தலை பின்னிவிட்டிருக்கிறேன், பேன் பார்த்திருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு சர்க்கார் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மந்திரிசபையை மாற்றப்போகிறார்கள், இவர் பெயர் அடிபடுகிறது என்று பேச்சு. அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பியிருந்தேன். அவருக்கு நிலைகொள்ளவில்லை. சென்னையில் யாரோ கட்சிப் பெண்ணிடம் தப்பாகப் பேசிவிட்டார் என்று காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு வக்கீல் அண்ணன். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று எனக்குப் பட்டது. தெரியாத பிள்ளையை எடுத்து அதன் குணம் பார்த்துப் பழக்க நேரம் இல்லை. வெளியே ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை வேண்டும். ஈவா என் பேரைக் கெடுக்கிற மாதிரி எதுவும் செய்யமாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளுக்கு என் மேல் அவ்வளவு பிரியம்.

அவள் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "பரீட்சைக்குப் படிச்ச நேரம் போக ஆபீசுக்கு வரட்டும். ஐயாவுக்கு மனு எழுத ஆள் இல்ல. எம்பிள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்."

அந்த அம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உங்கள் முகம் மாறுகிறது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டுமா.

ஒரு நாள் சாயங்காலம் வெள்ள நிவாரணம் கிடைக்காதவர்களுடைய மனுக்கள் குவிந்து கிடந்தன. ஈவா, இருந்து முடித்துவிட்டுப் போ என்று சொன்னேன். வாட்ச்மேனுக்குத் திருச்செந்தூர் போக வேண்டியிருந்தது, போய் வா என்று விட்டேன். மேலே அவர் இருந்தார். நான் கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் சீலா மீன் அரிந்துகொண்டிருந்தேன். ஈவா பின்வாசல் வழியாக வந்தாள். முந்தின நாள் உடுத்தியிருந்த அதே துணி. அரிவாள்மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, சாப்பிட்டியா?" என்றேன்.

"டீச்சர், ஐயா..." என்றாள்.

"முகங்கழுவிட்டு வா. இட்லி இருக்கு."

"டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமான்னு கேக்க?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன் ரத்தம் ஓடி அவள் கால் பக்கம் போனது, அதைக் கூட அவள் கவனிக்கவில்லை. நான் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன். "உங்க அம்மாவுக்கு இதயம் சரியில்லன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. நீ கண்டதையும் சொல்லி அவளையும் கொன்னுறாத," என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவள் அம்மாவுக்கு இதயத்தில் வால்வு பிரச்சினை உண்டு. ஆபரேஷனுக்கு உதவி கேட்டு எழுதிக்கொடுத்ததே என் கணவர்தான்.

ஆனால் அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. செல்வலட்சுமி எல்லாம் தரையைத்தான் பார்த்தாள். இவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானமே விடுதிக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். பிள்ளை படித்துப் படித்து மூளை குழம்பியிருக்கிறது, என்னென்னவோ பேசுகிறது, யாரிடமும் சொல்லாதே, நல்ல டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். பாளையங்கோட்டைக்கு நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்னைக் கேட்டார், நான் பதில் சொன்னேன். ஈவா ஒரே ஒரு தடவை பேச வாயெடுத்தாள். "பாத்தீங்களா டாக்டர், இப்படித்தான்," என்றேன்.

மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை நன்றாகத் தூங்கியது. பகலிலும் தூங்கியது. நான் வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன். அவள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அழுவாள். டீச்சர் மட்டும் இல்லேன்னா எம்பிள்ள கதி என்ன ஆயிருக்கும் என்பாள்.

பெண்கள் தின விழாவுக்கு முன்னால் ஈவா தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என்னிடம் சிரித்துப் பேசினாள். அவளுக்கு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதும் வேலைக்கு ஏற்பாடு செய்து, அதன் ஆர்டரை விழா மேடையில் எம்.எல்.ஏ. கையால் கொடுப்பதாக வைத்தேன். தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு வேலை என்று அறிவிப்பு. எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேடையில் நடந்ததை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். பெயரைக் கூப்பிட்டதும் வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கவரை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் நீட்டியபடியே நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்து. அவள் தொகுப்பாளினி கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"இந்த ஆர்டர் எனக்கு வேண்டாம். இவுங்க ஆபீஸ்ல என்னை என்ன பண்ணுனாங்கன்னு இவுங்களுக்குத் தெரியும். எனக்குப் பைத்தியம் இல்ல. மாத்திரை குடுத்துத் தூங்க வச்சாங்க. எனக்குப் பைத்தியம் இல்ல."

பிறகு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியும்ல. நீங்க சொல்லுங்க."

ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. அத்தனை போனும் திரும்பியது. நான் எழுந்து மேடைக்குப் போனேன். அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத்தான் எல்லா டி.வி.யிலும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்தக் கண்ணீர் நடிப்பு இல்லை. மடியில் போட்டு வளர்த்த பிள்ளை இத்தனை பேர் முன்னால் இப்படிச் செய்துவிட்டதே என்று எனக்குத் தாங்கவில்லை. நான் அவள் காதில் என்ன சொன்னேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். சரியாகத்தான் சொல்லியிருப்பாள், பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

"இன்னைக்கு மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் அப்படியே என் தோளில் துவண்டுவிட்டாள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. நியாயம் கேட்ட மாணவி, அணைத்துக்கொண்ட ஆசிரியை என்று கீழே போட்டிருந்தார்கள். கணவன் என்றும் பாராமல் பெண்ணின் பக்கம் நின்றவர் என்று என்னைப் பற்றி டி.வி.யில் பேசினார்கள். நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களே சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

அவருடைய அரசியல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மாவட்டச் செயலாளர் அருணாசலவடிவு அண்ணாச்சி ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார். இவர் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஹார்பர் காலத்திலிருந்து கூட இருந்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலோடு நின்றுவிட்டுப் போனார்கள். உப்பளத்தில் அவர் திறந்துவைத்த நிழற்குடையில் அவர் பெயர் மேல் சாணி அடித்திருந்தார்கள். நீங்கள் கைது செய்து கொண்டுபோவதற்கு முந்தின நாள் அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன்.

"நீதானே செல்வி அனுப்புன," என்றார்.

"நான் மனு எழுத அனுப்புனேன்."

"நான் என்ன செய்வேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொருத்தியா கொண்டுவந்து வச்ச."

"நான் அனுப்பலேன்னா நீங்க நிறுத்தியிருப்பீங்களா, பெர்சி அப்பா?"

அவர் காப்பியைக் குடித்தார். முதன்முறையாக எங்களுக்குள் உண்மை பேசிக்கொண்டோம், அதுவும் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆயுள் முழுக்க ஒரு ஆளுக்காக இத்தனை செய்து, கடைசியில் அவர் வாயிலிருந்து ஒரு நன்றி இல்லை.

பெர்சி மெல்போர்னிலிருந்து போன் பண்ணினாள். அழவில்லை. வீடியோவைப் பல தடவை பார்த்தேன் என்றாள். "ஈவா ஏம்மா உங்களக் கேட்டா?" என்றாள். ஆதரவுக்குக் கேட்டாள் என்றேன். "இல்லம்மா, அவ உங்கள அப்படிப் பாக்கல," என்றாள். பிறகு, "என்னை ஏன் அப்பா ஆபீஸ் பக்கமே நீங்க விட்டதில்ல?" என்றாள். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எடுப்பதில்லை. அதில்தான் எனக்கு வருத்தம். எல்லாமே அவளுக்காகத்தான் செய்தது.

பிறகு அண்ணாச்சி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சால்வையோடு. இடைத்தேர்தலுக்கு என்னை நிறுத்த மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது என்றார். "டீச்சர், உங்க ஒரு போட்டோ போதும். பொம்பளையள் ஓட்டு அப்படியே விழும்," என்றார். சரி என்று சொன்னேன். உங்களுக்கு அது அசிங்கமாகத் தெரியலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தத் தொகுதிப் பெண்களை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள். யாருக்கு அப்பா இல்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்டால் நான் வீடு வீடாகச் சொல்லுவேன். எதிரே ரோட்டில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள். படம் நன்றாக வந்திருக்கிறது.

இப்போது அந்தப் பெண்கள் எல்லோரும் வந்து, டீச்சர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போனேன். யாரைக் கொண்டுபோனால் சத்தம் வராது என்று பார்த்துத்தான் கொண்டுபோனேன். ஏட்டம்மா, மூன்று வாக்கியமாகவே எழுதுங்கள், சேர்த்துவிடாதீர்கள். ஆனால் ஒரு பெண்ணையும் நான் அடித்ததில்லை, மிரட்டியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ஈவா அன்று சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள், கீழே கிரில் கேட் வெளியே பூட்டியிருந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள், பூட்டினது யார் என்று கேட்டீர்கள்.

நான்தான் பூட்டினேன். அந்தத் தெருவில் பொழுது சாய்ந்தால் குடிகாரர்கள் நடமாட்டம் இருக்கும். உள்ளே ஒரு வயசுப்பிள்ளை தனியாக இருக்கும்போது கேட்டைத் திறந்து போட்டுவிட்டா வீட்டுக்கு வர முடியும்?